மடத்துக் கொல்லையில் புல்தரை

செத்தால் எங்கே படுக்கப்போகிறேன் என்று எனக்கு வெகு காலமாகத் தெரியும். அதனால் சாவைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது நான் வாயைத் திறக்கமாட்டேன். இடம் இருக்கிறவளுக்கு என்ன பயம்? திண்டிவனத்துக்கு மேற்கே, இடிந்துபோன சிஸ்டர் மடத்தின் பின்பக்கக் கொல்லையில் என் மகள் படுத்திருக்கிற குழிதான் என் இடம்.

இதை விளக்கித்தான் சொல்லவேண்டும். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். எரிக்கிற வழக்கம் இல்லை, புதைக்கிற வழக்கம். அதிலும் எங்கள் தெருச் சனத்தில் ஆளுக்கு ஒரு குழி கிடையாது, குடும்பத்துக்கு ஒரு குழி. ஒருவர் போய்ப் பல வருஷம் கழித்து அடுத்தவர் போனால், அதே குழியைத் திறப்பார்கள். முன்னால் போனவரின் எலும்பை எடுத்து, வெள்ளைத் துணியில் முடிந்து, புதிதாக வந்தவரின் தலைமாட்டில் வைத்து மூடுவார்கள். என் மாமனார் இப்படித்தான் என் மாமியாரின் தலைமாட்டில் இருக்கிறார். உயிரோடு இருக்கும்போது ஒரு நாளும் அவளிடம் நல்ல வார்த்தை பேசாத மனிதர். இருக்கட்டும்.

மடத்தை வெள்ளைக்கார சிஸ்டர்கள் கட்டினார்கள். கோயில், பள்ளிக்கூடம், அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு நீள வீடு, மணிக்கூண்டு, கிணறு. நான் கொஞ்சம் எழுத்து கற்றது அங்கேதான். பிறகு சிஸ்டர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள், சிலர் கப்பலில், சிலர் மண்ணுக்குள். ஆள் இல்லாத கட்டடம் எத்தனை நாள் நிற்கும்? முதலில் உத்திரம் போனது, அப்புறம் ஓடு, அப்புறம் கதவு ஜன்னல். செங்கலை வண்டி வைத்து ஏற்றினார்கள். கூரை இல்லாத கோயிலும் பாதி மணிக்கூண்டும் மிஞ்சின. கொல்லையில் மட்டும் நாங்கள் எங்கள் ஆட்களைப் புதைத்துக்கொண்டே இருந்தோம்.

என் மகள் வயசுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கும் காலம். கொடியைப் பிடுங்கிக் குவித்து வைத்திருந்த இடத்தில் கையை விட்டாள். கடித்தது என்ன என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை, முள்ளு என்றாள். அப்புறம் நாக்கு குழறியது. சைக்கிளில் வைத்து அவள் அப்பா திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். நான் பின்னாலேயே ஓடினேன். ரோட்டைப் பிடிக்கும்போதே அவள் தலை ஆடிய ஆட்டம் எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரியவில்லை. அவர் மிதித்துக்கொண்டே இருந்தார்.

மாமியார் செத்து அப்போது ஒரு வருஷம்தான். அவள் குழியைத் திறக்கக்கூடாது, உள்ளே இருப்பது இன்னும் மண்ணாகியிருக்காது. அதனால் பிள்ளைக்குப் புதுக் குழி வெட்டினார்கள். அவளைத் தனியாக விட்டுவிட்டு வருகிறோமே என்று நான் குழியில் விழப்போனேனாம், என்னைப் பிடித்து இழுத்த பெண்கள் சொல்வார்கள். எனக்கு நினைவில் இருப்பது வேறு. மண் தள்ளி முடிந்ததும் நான் எழுந்து, கூடியிருந்தவர்களைப் பார்த்து, 'இது என் குழி, வேற யாரும் இதத் தொறக்கக் கூடாது' என்று சொன்னேன். என் வீட்டுக்காரர் உட்பட யாரும் மறுக்கவில்லை. அவர் பிறகு சென்னையில் கட்டட வேலையில் விழுந்து, அங்கேயே அடக்கமாகிவிட்டார். ஆக, அந்தக் குழிக்கு நான் ஒருத்திதான் பாக்கி.

சிஸ்டர்கள் கல்லறையில் கல் உண்டு, கல்லில் பெயர் உண்டு. எங்களுக்கு எங்கே கல்லு? செடி வைப்போம். ஒரு குடும்பம் வைத்த செடியை இன்னொரு குடும்பம் வைக்காது. மாமனார் குழியில் நொச்சி. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நந்தியாவட்டை. அந்தக் குடும்பத்தையே 'நந்தியாவட்டக்காரங்க' என்று கூப்பிட்டவர்களும் உண்டு. என் மகளுக்கு நான் சிவப்பு அரளி வைத்தேன். ஆடு அதைக் கடிக்காது, தண்ணீர் ஊற்றாவிட்டாலும் சாகாது. கல்லறைத் திருநாளன்று அவரவர் செடியின் அடியைச் செதுக்கி, சுண்ணாம்பு தெளித்து, மெழுகுவத்தி ஏற்றி, பொரி இறைத்துவிட்டு வருவோம். ஒருவரும் தப்பான குழிக்குப் போனதில்லை.

அப்புறம் ரோட்டை அகலப்படுத்தினார்கள். எங்கள் தெரு ரோட்டுக்குள் போனது. சனம் நாலா பக்கமும் சிதறியது. நான் கண்டமங்கலம் பக்கம், மகன் பெண் எடுத்த ஊருக்கு, அவனோடு வந்துவிட்டேன். ஆரம்பத்தில் கல்லறைத் திருநாளுக்குத் தவறாமல் பஸ் பிடித்துப் போனேன். பிறகு கொரோனா வந்து இரண்டு வருஷம் கேட்டைச் சாத்தியது. அப்புறம் மூட்டு விட்டுவிட்டது, பஸ் படி ஏற முடியவில்லை. மனசில் மட்டும் போய்வந்துகொண்டிருந்தேன்.

என் மகன் பாண்டிச்சேரியில் கம்பெனி வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாக வேன் ஓட்டுகிறான். போன மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் வந்து சொன்னான்.

"ம்மா, ஞாயித்துக்கெழம விழுப்புரத்து டீச்சருங்க வேன் கேட்டு கீறாங்க. பழைய எடமெல்லாம் சுத்திப் பாக்கணுமாம். மண்டகப்பட்டு, வல்லம் பக்கத்துல ஒரு பெரிய ஊடு, கடைசியா நம்ம சிஸ்டர் மடம். ஒரு சீட்டு காலியா கீது. வர்றியா?"

"மடத்துல இன்னாடா கீது பாக்க? இடிஞ்ச செவுரு."

"இப்ப அதத்தான் பாக்குறாங்க. டிக்கெட்டு போட்டு."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. நாங்கள் ஆடு கட்டிய சுவருக்கு டிக்கெட்டு. வருகிறேன் என்றேன். மெழுகுவத்தியும் ஒரு பொட்டலம் பொரியும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

டீச்சர்கள் எல்லாரும் நாற்பது வயசுக்குள். என் பக்கத்தில் உட்கார்ந்தவள் கண்ணாடி போட்டவள், வாய் ஓயாதவள், நல்ல மனசு. என் முழங்காலுக்குத் தன் பையைச் சுருட்டி அண்டக் கொடுத்தாள்.

முதலில் மண்டகப்பட்டு. வயலுக்கு நடுவே பாறை, பாறையைக் குடைந்து ஒரு கோயில். இரண்டு பக்கமும் கையில் தடியோடு காவல்காரர்கள், கல்லில். உள்ளே எட்டிப் பார்த்தால் சாமி இல்லை. இருட்டும் வௌவால் நாற்றமும்தான். கண்ணாடி டீச்சர் எனக்காகச் சத்தமாகச் சொன்னாள்.

"செங்கல் இல்லாம, மரம் இல்லாம, உலோகம் இல்லாம, சுண்ணாம்பு இல்லாம ஒரு பல்லவ ராஜா இதக் கட்டினாராம்மா. கல்வெட்டுலயே எழுதி வெச்சிருக்கார்."

"அதான் இன்னும் நிக்குது டீச்சர்" என்றேன். "தூக்கினு போறதுக்கு இன்னா கீது இதுல?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. என் மாமியார் வீட்டு அடுப்புச் சுவரில் சிஸ்டர் மடத்துச் செங்கல் இருந்தது.

அடுத்தது வல்லம் பக்கத்துப் பெரிய வீடு. முன்பு அந்தச் சுற்றுவட்டாரத்து நிலமெல்லாம் அவர்களுடையதாம். இப்போது வாரிசுகள் வெளிநாட்டில். வீட்டைத் துடைத்து வர்ணம் பூசி, பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். தேக்குத் தூண், வழவழவென்று தரை, நெல் கொட்டும் பத்தாயம், மான்கொம்பு. முற்றம் தாண்டியதும் என் முழங்கால் நின்றுவிட்டது. பக்கத்தில், கயிறு கட்டி வைத்த ஒரு நாற்காலி இருந்தது, கயிற்றை விலக்கி உட்கார்ந்தேன். காவலுக்கு நின்ற பையன் ஓடிவந்தான்.

"ஆயா, ஆயா! எந்திரி! அதுல உக்காரக் கூடாது."

"ஏன்டா, ஒடைஞ்சிடுமா?"

"பழைய சாமான் ஆயா."

"நானுந்தான் பழைய சாமான். என்னைய ஒருத்தனும் கயிறு கட்டி பாத்துக்கல."

அவனே சிரித்துவிட்டான். ஆனாலும் என்னை எழுப்பிவிட்டுத்தான் போனான். வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு யோசித்தேன். இந்த மாதிரி வீடுகளுக்கு நெல் தூற்றப் போன என் அம்மா பின்பக்கக் கதவைத் தவிர வேறு கதவைப் பார்த்ததில்லை. நான் முன்வாசல் வழியாக, செருப்புக் காலோடு நுழைந்துவிட்டேன். உட்காரத்தான் விடவில்லை.

மடத்துக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. ஏரி நிறைந்து கிடந்தது. தண்ணீரில் கொக்கு, அதற்கு அப்பால் பாறைக் குன்றுகள், குன்றின் மேல் மேகம். டீச்சர்கள் ஐயோ ஐயோ என்று படம் எடுத்தார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கோயில் சுவரில் முளைத்திருந்த ஆலஞ்செடிகளைப் பிடுங்கி, விரிசலைப் பூசி, மணிக்கூண்டுக்கு இரும்பு முட்டு கொடுத்திருந்தார்கள். சுற்றிலும் புது மதில். கேட்டில் கவர்மெண்ட் வைத்த பெரிய பலகை. ஜன்னல் வளைவுக்குள் ஒரு கல்யாணப் பெண் சிவப்புத் துணியைப் பத்து முழத்துக்குத் தரையில் இழுத்துக்கொண்டு நின்றாள். ஒருவன் அவள் கன்னத்தை இப்படித் திருப்பு அப்படித் திருப்பு என்று படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

நான் யாருக்கும் சொல்லாமல் கோயிலைச் சுற்றிக் கொல்லைக்குப் போனேன்.

கொல்லை இல்லை. புல்தரை இருந்தது. பச்சைப் பசேலென்று, ஒரு மேடு இல்லாமல், ஒரு பள்ளம் இல்லாமல். நடுவே கூழாங்கல் போட்ட நடைபாதை, ஓரத்தில் சிமெண்டு பெஞ்சு. ஒரு பக்கமாக சிஸ்டர்களின் கல்லறைகள் மட்டும், கழுவித் துடைத்து, சங்கிலி போட்டு. அரளி இல்லை. நொச்சி இல்லை. ஒரு செடியும் இல்லை.

வழி மாறி வந்துவிட்டேனோ என்று ஒரு முறை திரும்பி மணிக்கூண்டைப் பார்த்தேன். அதே மணிக்கூண்டுதான்.

காக்கிச் சட்டை போட்ட வாச்மேன் ஒருவர் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயசு இருக்கும்.

"ஐயா, இங்க செடியெல்லாம் இருந்துச்சே, இன்னா ஆச்சு?"

"எந்தச் செடிம்மா? ஒரே பொதரு. பாம்புப் புத்து. ஜேசிபி வெச்சி சுத்தம் பண்ட்டாங்க. இந்தப் புல்லுக்கு லாரி லாரியா மண்ணு அடிச்சோம்."

"கல்லறை இருந்துச்சே."

"தோ கீதே சிஸ்டருங்க கல்லறை. பாரு, எப்படி வெச்சிருக்கோம்."

"அது இல்லைங்க. எங்க சனத்தோடது."

அவர் குழாயைத் தரையில் போட்டார். "பேரு போட்ட கல்லு ஒண்ணத்தையும் தொடலம்மா. சத்தியமா. கல்லு இல்லாத எடத்தத்தான் மட்டம் பண்ணாங்க."

அதற்கு மேல் அவரிடம் என்ன சொல்வது? வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. இடத்தைச் சுத்தம் செய்ய வந்தார்கள். கல் இருந்தால் கல்லறை, செடி இருந்தால் புதர், அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். 'அது புதர் இல்லை, அது என் மாமியார், இது நந்தியாவட்டக்காரங்க' என்று எடுத்துச் சொல்ல அங்கே எங்கள் ஆள் ஒருவர் இல்லை. எங்கள் தெரு எப்போதோ ரோட்டுக்குள் போய்விட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்தேன். கிணற்றுக்கும் கடைசி சிஸ்டர் கல்லறைக்கும் நடுவில், மதிலோரம், அப்படித்தான் என் கணக்கு. ஆனால் பழைய மதில் இல்லை. புது மதிலைத் தள்ளி எங்கேயோ கட்டியிருந்தார்கள். இங்கே இருக்குமோ என்று நின்று பார்த்தேன். காலுக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றேன். மண் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மெத்தென்று இருந்தது.

"பாட்டி, கொஞ்சம் தள்ளிக்கோங்க. ஃபிரேம்ல வர்றீங்க" என்று படம் எடுப்பவன் தூரத்திலிருந்து கத்தினான். தள்ளிக்கொண்டேன்.

என் முகத்தைப் பார்த்த வாச்மேன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"யாரும்மா?"

"என் பொண்ணு."

அவர் மதில் மூலையைப் பார்த்தார். பிறகு சொன்னார். "வேரைப் பிடுங்குறப்போ எலும்பு வந்துச்சும்மா. மொதல்ல ஆடோ மாடோன்னு நெனச்சாங்க. அப்புறம் மண்டை வந்துச்சு. வேலைய நிறுத்திட்டு, வந்த வரைக்கும் சாக்குல கட்டி, தோ அந்த மூலைல பெரிய குழி எடுத்து வெச்சாங்க. சாமியாரு வந்து ஜெபம் பண்ணாரு. சும்மா சொல்லக் கூடாது, மரியாதையாத்தான் பண்ணாங்க."

"எல்லாரையுமா எடுத்தாங்க?"

"வேரோட வந்தத எடுத்தாங்க. வராதது அடியிலயே கீது."

அரளி வேர் எவ்வளவு ஆழம் போகும் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷத்து வேர் அவளைப் பிடித்திருக்கும் என்று ஒரு நினைப்பு. பிடித்திருந்தால் அவள் மூலையில், நொச்சிக்காரரோடும் நந்தியாவட்டக்காரர்களோடும், யார் கை யார் கால் என்று தெரியாத சாக்கில். பிடிக்காவிட்டால் இந்தப் பச்சைக்கு அடியில், எங்கேயோ. மூலையைப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் புல்தான். அதன் மேல் கல்யாணக்காரர்கள் துணிமணிப் பெட்டியை வைத்திருந்தார்கள்.

"நான் செத்தா இங்க ஒரு குழி எடுக்க விடுவாங்களா?" என்று கேட்டேன்.

வாச்மேன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ஒரு கடப்பாறை கேட்டுக்குள்ள வரக் கூடாதும்மா. கவர்மெண்ட் எடம். என் வேல போயிடும்."

மெழுகுவத்தியை எடுத்தேன். நெருப்பும் கூடாது என்றார், பாவம், தலையைக் குனிந்துகொண்டு. பொரிப் பொட்டலத்தைப் பிரித்தேன். எந்த இடத்தில் இறைப்பது என்று தெரியாமல் மறுபடி முடிந்து பைக்குள் வைத்தேன்.

அதற்குள் என் மகன் தேடிக்கொண்டு வந்தான்.

"ம்மா, ஜல்தி. டீச்சருங்க காத்துக்கினு கீறாங்க." அப்போதுதான் இடத்தைப் பார்த்தான். நின்றுவிட்டான்.

"உங்கக்கா எங்கடா?" என்று கேட்டேன்.

அவள் போனபோது அவன் இடுப்புப் பிள்ளை. ஆனால் வருஷா வருஷம் என்னோடு வந்து சுண்ணாம்பு வாளி தூக்கியவன். கையை நீட்டி ஓர் இடத்தைக் காட்டினான். உடனே, "இல்ல, இங்க" என்று வேறு இடத்தைக் காட்டினான். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டான்.

வேனில் கண்ணாடி டீச்சர் விசாரித்தாள். சொன்னேன். பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்மாவுக்கு இடம் கிடையாதும்மா. அவங்க எப்பவும் உங்ககூடத்தான் இருப்பாங்க" என்றாள்.

"ஆத்துமாவ நான் தேடல டீச்சர். புள்ளையத்தான் தேடினேன்."

அவள் கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. விழுப்புரம் வரைக்கும் அப்படியே வந்தோம்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. செத்துப்போவதை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது. இந்த வயசில் வந்த புதுப் பயம். மருமகள் கேட்டால் மூட்டுவலி என்று சொல்லிக்கொண்டேன். மகனுக்கு மட்டும் விஷயம் தெரியும். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு சாயந்திரம் அவனே சொன்னான்.

"ம்மா, இங்க நம்ம பங்குக் கோயிலுக்கே கல்லறைத் தோட்டம் கீது. எடம் சொல்லி வெச்சிடலாம். உனக்கும் பேஜாரு இல்ல."

அவனோடு போனேன். இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தை அதுவரை நான் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. எனக்கு எதற்கு என்று இருந்தேன். கோயில் வேலையைப் பார்க்கிற உபதேசியார் சாவியோடு வந்து கேட்டைத் திறந்தார். எல்லாம் சிமெண்டு மேடை, பளிங்கில் பெயர், போட்டோ பதித்தது. செத்தவர்கள் எல்லாரும் எனக்குத் தெரியாதவர்கள். மதிலை ஒட்டி ஒரு காலி இடத்தைக் காட்டினார்.

"மழத் தண்ணி நிக்காது இங்க. நல்ல எடம்" என்றார். "ஒரு ஆளுக்கா, ரெண்டு ஆளுக்கா? ரெண்டுன்னா இப்பவே அகலமா விட்டுடணும்."

நான் அந்த இடத்தின் அகலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகன் என்னைப் பார்த்துவிட்டு, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசினான்.

"ரெண்டுன்னே சொல்லும்மா. நான் போய் அங்கேர்ந்து ஒரு பிடி மண்ணு எடுத்தாந்துடறேன். அந்த வாச்மேன் ஒண்ணும் சொல்லமாட்டாரு. உன் தலமாட்டுல வெச்சிடலாம். அக்கா மாதிரியே இருக்கும்."

நல்ல பிள்ளை. அவன் சொன்னதில் தப்பு இல்லை. எனக்கும் ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது.

"எந்த மண்ணுடா எடுப்ப?" என்று கேட்டேன். "மேல கீறது லாரில வந்த மண்ணு. எந்த ஏரிதோ, எவன் கொல்லதோ. அதக் கொண்டாந்து என் பொண்ணுன்னு என் தலைல வெப்பியா?"



உபதேசியார் காத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கம் திரும்பி, "ஒரு ஆளுக்குத்தாங்க" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து, மதிலில் ஒரு ஆள் அகலத்துக்கு இரண்டு கோடு கிழித்தார். என்னைப் பார்த்து, கண்ணாலேயே உயரத்தை அளந்துகொண்டார்.